ஆம்ப்ளி போன சனிக்கிழமை

அவளுக்குப் புள்ளி என்ற பெயர் வந்தது தொழிற்சாலையில். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது, மற்றபடி அதற்கு வேலை இல்லை. பச்சை மின்சுற்று போர்டுகளில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற, சால்டரிங் செய்கிற நீள மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கத்திலிருந்து போர்டு வரும், அவள் ஈயத்தைத் தொட்டு வைப்பாள், போர்டு வலது பக்கம் போய்விடும். அவள் வைத்த ஈயம் வழியாது, சிந்தாது, பக்கத்துக் கம்பியோடு போய் ஒட்டிக்கொள்ளாது. குண்டாக, பளபளவென்று ஒரு பொட்டு மாதிரி நிற்கும். மேற்பார்வையாளர் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இது யார் வெச்ச புள்ளி?" என்று கேட்பார். எப்போது கேட்டாலும் அது அவள் வைத்ததாகவே இருந்ததால், கேள்வியிலிருந்தே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்த போர்டுகள் எங்கே போகின்றன, எதற்குள் உட்கார்ந்து என்ன செய்கின்றன என்று ஒருவரும் சொல்லவில்லை. ரேடியோவா, மணி அடிக்கிற கடிகாரமா, வாசலில் கத்துகிற காலிங் பெல்லா? கேட்டால், "கையப் பார்த்து வேலை செய்யும்மா" என்பார்கள். அவளும் கையைப் பார்த்து வேலை செய்தாள், தொழிற்சாலையை இழுத்து மூடும்வரை. "நான் வெச்ச ஈயம் எங்கேயோ பேசிக்கிட்டுத்தான் இருக்கும். நான்தான் ஒரு நாளும் காதால கேட்டதில்ல" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் குறை குறைதானே.

கட்டிக்கொண்டதோ ஊரே கேட்கப் பேசுகிற மனுஷனை. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். வெண்கலக் குரல், அதனால் சந்தையில் அவர் பெயரே வெங்கலம். கூடாரம் முழுக்க வண்டிச் சத்தமும் மூட்டைச் சத்தமும் சண்டைச் சத்தமும் இருக்கும். இவர் தொண்டையைச் செருமினால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமா? அவர் காதோரம் ரகசியம் சொன்னால் மாடிப்படியில் போகிறவர் நின்று பதில் சொல்வார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அவர் பக்கத்து நியாயம் மட்டும் தெருவுக்கே தெரியும், புள்ளியின் நியாயம் யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்கு நிறைய வயிற்றெரிச்சல் உண்டு. நேரில் அவரை 'நீங்க' என்பாள். முதுகுக்குப் பின்னால் 'அது' என்பாள். "அது சாப்பிட்டுச்சு, அது தூங்குது, அது சந்தைக்குக் கிளம்பிடுச்சு." மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, பழக்கம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அந்தத் தொண்டைக்குள்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெங்கலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். புள்ளி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டியதை அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லி வெச்சிடுங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "ஏலத்துல சொல்றதெல்லாம். ஒண்ணு விடாம. நான் புடிச்சு வெக்கிறேன்."

தெருச் சத்தம் விழாமல் இருக்க, தடிமனான போர்வையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அதற்குள்ளே உட்கார்ந்தார்கள். அவர் கையில் ஒலிவாங்கி, அவள் மடியில் தண்ணீர்ச் செம்பு. தக்காளி, வெங்காயம், உருளை, கோஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்களைச் சொன்னார். வாடிக்கை வியாபாரிகளின் பட்டப்பெயர்களைச் சொன்னார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொன்னார். வலித்துக்கொண்டே சொன்னார். சொல்லச் சொல்ல அவள் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் வந்து, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சொல் என்று பிரித்து வைத்துவிட்டு, தன்னுடைய பழைய ஸ்பீக்கரையும் விட்டுவிட்டுப் போனாள். மரத்தில் செய்த பெரிய பெட்டி ஒன்று, கூடவே சின்னப் பெட்டிகள் இரண்டு.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த வெங்கலம், விசைப்பலகையில் தன் குரலைத் தேடித் தேடித் தட்டிப் பழகினார். ஆரம்பத்தில் 'உருளை' என்று தட்ட நினைத்து 'ரெண்டு தரம்' என்று தட்டுவார். போகப் போக விரல்கள் ஓட ஆரம்பித்தன. பாத்திரக் கடைக்காரர் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற வேகத்தில் தட்டினார். புள்ளி சந்தைக்குப் போய்த் தலைவரைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். அவர் யோசித்து யோசித்து, "திங்கக்கிழமை ஒரு நாள் விட்டுப் பாக்கட்டும். கூட்டம் ஏத்துக்கிச்சுன்னா தொடரட்டும். இல்லேன்னா இப்ப இருக்கற ஆளையே நிரந்தரமாப் போட்டுடுவேன். அப்புறம் வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது" என்றார். இனி ஒரு முறை கேட்க முடியாது. திங்கட்கிழமையைத் தவறவிட்டால் வெங்கலம் வீட்டோடு சரி.

அதற்கு முந்திய சனிக்கிழமை காலை. வெங்கலம் மேசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார், புள்ளி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வெங்காயம்" என்று பெட்டி கூவியது. "உரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். "நாப்பது" என்றது பெட்டி. அடுத்த எண் பாதியில் அறுந்தது. உள்ளே டப் என்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை, அவ்வளவுதான். எந்த நேரமும் உம்மென்று முனகிக்கொண்டிருக்கிற பெட்டி முனகலையும் நிறுத்திவிட்டது.

வெங்கலம் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தார். கணினியின் சொந்த ஒலியில் கேட்டுப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருந்தது. கம்பி இல்லாத சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் வீட்டில் இருந்தது. அதில் சத்தம் போதும், ஆனால் தட்டிய பிறகு அரை மூச்சு தாமதமாகத்தான் குரல் வரும். ஏலத்தில் குரல் பிந்தினால் சரக்கு வேறு ஆள் தலையில் போய் விழும், பிறகு அடிதடிதான். அவர் சிலேட்டை எடுத்து, 'விடு. நமக்குக் குடுத்து வெக்கல' என்று எழுதிக் காட்டினார்.

"எழுதினத அழிங்க" என்றாள் புள்ளி. "பெட்டி நல்லா இருக்கு. ஸ்பீக்கர் நல்லா இருக்கு. ஆம்ப்ளிதான் போயிருக்கு. மாத்திட்டாப் போச்சு."

ஆம்ப்ளிஃபையர் என்று முழுசாகச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. பெட்டிக்குள் இருந்து ஒலியைப் பெருக்குகிற போர்டு அவர்களுக்கு ஆம்ப்ளிதான்.

வெங்கலத்தின் அக்கா, அதாவது புள்ளியின் நாத்தனார், பக்கத்து ஊரில் இருந்தாள். அவள் மகனுக்கு மின்சாமான் கடையில் வேலை. அவனிடம் சொன்னால் ஒரு புது போர்டு கொண்டு வருவான் என்று புள்ளி போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. நாத்தனாருக்குப் போட்டாள். நாத்தனாருக்குக் காது கொஞ்சம் மந்தம், அன்றைக்குத் தொடர்பும் கரகரவென்று இருந்தது. இவளோ காலையிலிருந்து வெங்காயத்தோடு மல்லுக்கட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"அண்ணி, நான்தான். உங்க பையன் இருக்கானா?"

"வெளிய போயிருக்கான். என்னம்மா, அழுவற மாதிரி இருக்கு?"

"என்னத்தச் சொல்றது அண்ணி. ஆம்ப்ளி போயிடுச்சு."

ஆம்ப்ளி என்ற சொல் நாத்தனார் வீட்டில் புழங்காத சொல். ஆம்பள என்பது எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். போயிட்டாரு என்று சொல்லாமல் போயிடுச்சு என்று சொன்னாளே என்று ஒரு நொடி யோசித்திருந்தால் கூடப் போதும். ஆனால் புருஷனை 'அது' என்று சொல்கிற பெண்பிள்ளை வேறு எப்படிச் சொல்வாள்?

"எப்பம்மா?" என்றாள் நாத்தனார்.

"இப்பத்தான். காலையில நல்லாத்தான் இருந்துச்சு. வேலை பாத்துக்கிட்டே இருந்துச்சு, பாதியில பொசுக்குனு அடங்கிடுச்சு. தொட்டுப் பாத்தேன், சூடு கூட இன்னும் ஆறல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "எப்ப எடுக்கறீங்க?"

"இன்னிக்கே எடுத்துடணும் அண்ணி. வெச்சிருந்து என்ன பண்றது? உங்க பையன் வந்து ஒரு கை புடிச்சான்னா நல்லா இருக்கும். திங்கக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு மாத்தியாகணுமே."

"வேற ஒண்ணா?"

"பின்ன? அது இல்லாம எங்க பொழப்பு எப்படி ஓடும்? பழசுல இனிமே உசுரு வராது. புதுசு ஒண்ணு ஏற்கெனவே பாத்து வெச்சிருக்கேன் அண்ணி. சின்னதுதான், ஆனா நல்ல சக்தி."

போன் வைக்கப்பட்டுவிட்டது. புள்ளிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நம் வீட்டு ஆம்ப்ளி மேல் அண்ணிக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டாள்தான். ஆனால் பையனுக்காகக் காத்திருக்காமல் புள்ளி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள். வெங்கலத்தின் போனுக்கோ யாரும் கூப்பிடுவதே இல்லை. பேச முடியாதவனைக் கூப்பிட்டு என்ன செய்ய? அதுவும் நாத்தனார் கணக்கில் அவர் இப்போது எடுக்கிற நிலையிலும் இல்லை.

உதிரிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் போய், பழைய பெட்டி முனகுகிறதே என்று மகள் ஒரு முறை படம் அனுப்பிக் காட்டியிருந்த போர்டைப் புள்ளி கேட்டாள். "கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு, மூணும் ஓடணும்."

கடைக்காரர் மோசமான ஆள் இல்லை, பழக்கதோஷம். "வீட்ல ஆம்பள யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா. கம்பி மாத்திக் குடுத்தாப் புகை வந்துடும். நாளைக்குக் கடையும் கிடையாது."

"வீட்ல ஆம்பள இருக்கு. ஆம்ப்ளிதான் இல்ல. அதக் குடுங்க."

அவர் சிரித்துவிட்டு எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு போர்டு. அவள் அதைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, பல் தேய்த்த பிள்ளையின் வாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "இதோ, இந்தப் புள்ளி சரியாப் புடிக்கல. வேற குடுங்க." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வேறு கொடுத்தார்.

பெரிய பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றியதும் கருகல் வாடை குப்பென்று அடித்தது. வெங்கலம் டார்ச் பிடித்தார். புள்ளிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வருஷக்கணக்காக ஈயம் வைத்திருக்கிறாள், சரி. ஆனால் எந்தக் கம்பி எதற்கு என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? போர்டு வரும்போதே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், அவள் புள்ளி மட்டும் வைப்பாள். இங்கே கம்பிகள் கொத்தாகக் கிடந்தன. தப்பாக வைத்தால் இந்த போர்டும் போகும். நாளை கடை கிடையாது, நாளை மறுநாள் திங்கள்.

பிறகு எழுந்துபோய் நகப்பூச்சுகளை எடுத்து வந்தாள். எந்தக் கம்பியையும் வெட்டுவதற்கு முன்னால், அது பழைய போர்டில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறதோ அங்கே ஒரு பொட்டு, கம்பியில் அதே நிறத்தில் ஒரு பொட்டு. இடது பக்கச் சின்னப் பெட்டிக்குச் சிவப்பு, வலதுக்கு ரோஜா, பெரிசுக்கு ஊதா. பழைய போர்டில் அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த எழுத்தும் புதிய போர்டில் எழுதியிருந்த எழுத்தும் ஒன்றாக இருந்தன. அப்பாடா என்று இருந்தது. மின்சாரத்துக்கு, மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினிச் சார்ஜர் கைகொடுத்தது.

சால்டரிங் அயர்ன் சூடேறியதும் பயம் போன இடம் தெரியவில்லை. கை தன்பாட்டில் வேலையில் இறங்கியது. தொட்டாள், எடுத்தாள். தொட்டாள், எடுத்தாள். வெங்கலம் டார்ச்சை நகர்த்த மறந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. தொழிற்சாலைக்குள் புருஷன்மாரை யார் விட்டார்கள்?

கடைசிக் கம்பி வைத்துவிட்டு சுவிட்சுக்குக் கை போனபோது, அவர் மேசையை இரண்டு முறை தட்டினார். சார்ஜர் கம்பியைக் காட்டினார். கழித்தல் குறியில் இருக்க வேண்டிய கறுப்பு, கூட்டல் குறி போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது. நகப்பூச்சு எல்லாவற்றுக்கும் போட்டவள் சார்ஜருக்கு மட்டும் போட மறந்திருந்தாள்.

"தெரியும்" என்றாள் புள்ளி. தெரியாது. மாற்றி வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் வேன் வந்து நின்றது. மாடிப்படி முழுக்க அழுகைச் சத்தம். வெங்கலம் டார்ச்சோடு போய்க் கதவைத் திறந்தார். நாத்தனார் மலர் வளையத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடியபடி ஓடி வந்து, எதிரே நின்ற ஆளின் தோளில் சாய்ந்து, "என் தம்பி போயிட்டானே, என்னை விட்டுட்டுப் போயிட்டானே" என்று குமுறினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அக்கா அழுகிறாளே என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். இறந்துபோனது தான்தான் என்று மலர் வளையத்தில் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு தட்டுவதையும் நிறுத்திவிட்டார். நான் இருக்கிறேன் என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே குரல் பின்பக்கம் கழன்று மேசையில் கிடந்தது.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள். பளாரென்று அவர் தோளில் ஒன்று வைத்தாள். அவரைத் தள்ளிக்கொண்டு நேராகப் புள்ளியிடம் வந்தாள்.

"பழசுல உசுரு வராதாமே. புதுசு பாத்து வெச்சிருக்கியாமே. சின்னதாமே."

"ஆமா அண்ணி" என்று புள்ளி போர்டைக் காட்டினாள். "ஆம்ப்ளி."

"எது?"

"இதான் அண்ணி. ஆம்ப்ளி. ஸ்பீக்கர் ஆம்ப்ளி. காலையில போச்சுன்னு சொன்னேனே."

வேனில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் மகன் மலர் வளையத்தோடு படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தச் சனியனுக்கு வேற பேரே கெடைக்கலையா உனக்கு? வழியெல்லாம் என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. வெங்கலம் புள்ளியைப் பார்த்து, போடு என்று கையைக் காட்டினார். புள்ளி சுவிட்சைப் போட்டாள்.

புகை வரவில்லை. முனகலும் வரவில்லை. அது வேறு அவளுக்குக் கலக்கமாக இருந்தது, பழைய பெட்டியில் முனகல் வந்தால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வெங்கலம் ஒரு பொத்தானைத் தட்டினார்.

"ஒரு தரம்."

கூடம் அதிர்ந்தது. நாத்தனார் வாயைத் திறந்தபடி நின்றாள். அறுவைக்குப் பிறகு அவள் தம்பியின் குரலைக் கேட்கவே இல்லை. கணினி பேசுகிறது என்று சொன்னார்களே தவிர, அவனுடைய சொந்தக் குரலே வரும் என்று அவள் நினைக்கவில்லை. வேனில் வாய்விட்டுத்தான் அழுதாள். கண்ணில் நீர் பொங்கி வந்தது இப்போதுதான்.

"புள்ளி, இன்னொரு தரம் சொல்லச் சொல்லும்மா."

வெங்கலம் தட்டினார். "ரெண்டு தரம்."

மூன்றாவதைத் தட்டுவதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, துக்க வீட்டில் இவ்வளவு சத்தமா, கைக்குழந்தை தூங்குகிறது என்றார். விஷயத்தைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு ஒலியைக் குறைத்தார்கள். ஞாயிறு முழுக்க குழந்தைக்குப் பயந்து அடக்கி வாசித்துத்தான் பயிற்சி.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு புள்ளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வைத்த ஈயம் பேசுகிறது. அவள் காது கேட்கப் பேசுகிறது. அதுவும் யார் குரலில் பேசுகிறது பாருங்கள். எனக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டாள். பொய்தான். திங்கட்கிழமையும் வேண்டும் என்று இருந்தது.

திங்கட்கிழமை சந்தையில் உருளை மூட்டைகளை அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். ஒலி முழுசாக ஏற்றியாயிற்று. வெங்கலம் கணினியோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். புள்ளி பெட்டிக்குப் பின்னால், அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். வியாபாரிகள் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். இத்தனை நாள் அவர் இடத்தில் ஏலம் விட்ட ஆள் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வெங்காயம்" என்று வெங்கலத்தின் குரல் எழுந்தது. கூடாரம் அடங்கியது. பழையபடி, அதே மாதிரி அடங்கியது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். விரல்கள் ஓடின, எண்கள் ஏறின, வியாபாரிகள் தங்களை அறியாமல் கை தூக்க ஆரம்பித்தார்கள். ஒரு தரம். ரெண்டு தரம். இன்னும் யாராவது என்று எல்லோரும் எல்லோரையும் பார்க்க, அவர் கடைசியைத் தட்டினார்.

"மூணு தரம்."

மூன்றாவது தரத்துக்குப் பிறகு எந்த ஏலத்திலும் ஒரு நொடி அமைதி விழும். அந்த அமைதியில், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சொன்னது.

"போதும், தண்ணி குடிங்க."

புள்ளிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவள் குரல். போர்வைக்குள் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்னது. மூணு தரத்தின் வாலில் இருந்ததை மகள் வெட்டாமல் விட்டிருக்கிறாள். பழைய ஆம்ப்ளி முனகிய முனகலில் அது அமுங்கிப்போய் யார் காதிலும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒலியைக் குறைத்து வைத்ததில் அப்போதும் தெரியவில்லை. புதுசு முனகுவதில்லை, அவ்வளவு சுத்தம். அவள் வைத்த புள்ளிகளே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

கூடாரம் கொல்லென்று சிரித்தது. தூணில் சாய்ந்திருந்தவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வெங்காயத்தை எடுத்த வியாபாரி, "யாருக்குத் தண்ணி, எனக்கா?" என்று கேட்டதில் இன்னொரு சிரிப்பு. தலைவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது என்று நினைத்தாள் புள்ளி. பெட்டியை விட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

வெங்கலம் திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. ஸ்டூலுக்குக் கீழே இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். எழுந்து நின்றார். கூட்டம் பார்க்க, அவசரப்படாமல், பெண்டாட்டி சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்கிற முகத்தோடு குடித்தார். பாட்டிலை வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். உட்கார்ந்தார். "தக்காளி" என்று தட்டினார்.

இப்போது வந்த சத்தம் வேறு சத்தம். விசில் அடித்தார்கள், மூட்டைகளைத் தட்டினார்கள். தக்காளி ஏறியது, மூணு தரம் வந்தது, குரலும் வந்தது, அவர் மறுபடி குடித்தார். உருளை முடிவதற்குள் கூட்டம் மொத்தமும் மூணு தரத்துக்காகவே காத்திருந்து, பெட்டியோடு சேர்ந்து அந்த மூன்று வார்த்தையையும் சொன்னது. கோஸ் அன்றைக்கு எவ்வளவு ஏறக் கூடாதோ அவ்வளவு விலை ஏறிப் போயிற்று.

ஏலம் முடிந்து தலைவர் வந்தார். "அந்தக் குரல் யாரு?"

"நான்தாங்க" என்றாள் புள்ளி. "தெரியாம விழுந்துடுச்சு. இன்னிக்கே வெட்டிடறேன்."

"வெட்டினா வேலை கெடையாது" என்றார் தலைவர். "நாளைக்குக் காலையில வந்துடச் சொல்லு. பெட்டிக்குள்ள பேசற அந்தம்மாவும் வரணும்."

வெங்கலம் கணினியை மூடி வைத்துவிட்டு, மூடிய கணினியின் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின. புள்ளி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே கூடாரம் பூராவும் சொல்லியாயிற்று.

இப்போது அந்தச் சந்தையில் மூணு தரம் என்றால் முடிந்த ஏலம் இல்லை. சரக்கு யாருக்கு என்று தகராறு வந்தால், "தண்ணி குடிச்சாச்சா, இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். நாத்தனார் போன் செய்தால் எடுத்த எடுப்பில், "முதல்ல என் தம்பி எப்படி இருக்கான் சொல்லு, அப்புறம் மத்ததப் பேசு" என்கிறாள்.

தூர ஊரிலிருந்து முதல்முறை வந்த வியாபாரி ஒருவர் ஒரு நாள் ஏலம் முடிந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார். "கொஞ்சம்கூட இரைச்சல் இல்லையே. இந்த ஆம்ப்ளி யார் வெச்சது?" என்று கேட்டார்.

வெங்கலத்தின் விரல் அவர் கேட்டு முடிப்பதற்குள் புள்ளியைக் காட்டிவிட்டது. கூட்டத்துக்கே கேட்கட்டும் என்று அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"நான் வெச்சது."